சத்தமில்லாததற்குப் பயந்தவர்

கனடாவில், மல்வேர்னில் ஒரு பேஸ்மென்றுக்கு நாங்கள் குடிவந்த அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு அண்ணை கதவைத் தட்டினார். புதுவீட்டுக்கு எங்கள் ஆட்கள் மாதா படம் கொண்டுவருவார்கள், குத்துவிளக்கு கொண்டுவருவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பெட்டி லட்டாவது வரும். இவர் கையில் இருந்தது உள்ளங்கையளவு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. வீட்டுக்குள் நச்சுக்காற்று சேர்ந்தால் கத்துகிற சாமான் அது. வாங்கோ என்று நான் சொல்வதற்கு முன்பே உள்ளே வந்து, வீட்டைச் சூடாக்கும் மெசின் நிற்கிற மூலையைத் தேடிப்பிடித்து, பெட்டியைச் சுவரில் பூட்டி, நடுவிலிருந்த பொத்தானை அமத்தினார். அது வீடு அதிரக் கத்தியது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இனி நாங்கள் நல்லாய்ப் படுத்து நித்திரை கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் அன்ரன் கதவு சாத்துமட்டும் பொறுத்திருந்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டிய மனுசனின் பெயரை இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கதையில் 'அவர்' என்பது அந்த அண்ணை மட்டும்தான், ஆகவே அன்ரன் அன்ரனாகவே இருக்கட்டும்.

அண்ணைக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முன்னுக்கு அண்ணை, பின்னுக்குப் பயந்தாங்கொள்ளி. அவருடைய ஊர்க்காரர் ஒருவர் கப்பலேற்றிக் கொண்டுவந்த பட்டம் அது. இங்கே வந்தும் உதிரவில்லை. கலியாண வீடு, பிறந்தநாள், புதுவீட்டுக் குடிபூரல், எதற்குப் போனாலும் அவர் அந்த வெள்ளைப் பெட்டியைத்தான் பரிசாகச் சுற்றிக் கொண்டுபோவார். மாப்பிள்ளை பொம்பிளை அதைப் பிரிக்கிற நேரம் பார்த்து ஆட்கள் ஒருவரையொருவர் இடிப்பார்கள். நானும் இடித்திருக்கிறேன்.

அவருடைய பயத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அது எனக்குப் பிடிபட நாளெடுத்தது. லொறிகள் உறுமிக்கொண்டு இரண்டு பக்கமும் போகிற பெருந்தெருவில் ஆட்களை ஏற்றி ஓடுகிற வானுக்குள் குறட்டை விட்டுத் தூங்குவார். பனியும் கொட்டாமல் காற்றும் வீசாமல் தெரு மட்டும் கண்ணாடிபோல் உறைந்து மினுங்கிக்கொண்டு கிடக்கிற காலையில் வாசற்படியில் நின்று சிலுவை போடுவார். கத்திச் சண்டை பிடிக்கிற புருசன் பெண்சாதி வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போவார். கதைபேச்சில்லாமல் இருக்கிற வீட்டுப் பக்கமே தலைவைக்க மாட்டார். குரைக்கிற நாயைத் தடவிக் கொடுப்பார். குரைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிற நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவார்.

நான் அவரை அறிந்துகொண்டது வீட்டு முற்றத்தில் அல்ல, முந்திரிகைத் தோட்டத்தில். யாழ்ப்பாணத்தார் நாங்கள் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வோம். யூட் என்று ஒருவர் வான் வைத்திருந்தார். ஆவணி கழிந்து பழம் பழுக்கிற காலத்தில் மல்வேர்னில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நயாகராப் பக்கம் போவார். தானும் எங்களோடு சேர்ந்து வேலை செய்வார். நானும் அன்ரனும் அந்த வானில் ஏறினோம். அண்ணை எங்களுக்கு முதலே அதில் பழைய ஆள். அவருடைய மனுசி தேவி அக்காவுக்கு ஃபாக்டரியில் வேலை, அக்கா வருவதில்லை.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பெரிய ஏரி, மறுபக்கம் சுவர் மாதிரி எழும்புகிற மலைச்சரிவு, இரண்டுக்கும் நடுவில் கண் போகிற மட்டும் கம்பிகளில் படர்ந்த கொடி வரிசைகள். இது வைன் விளைகிற பிரதேசம் என்று அரசாங்கம் சட்டம் போட்டு எல்லை கீறி வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் விளைந்த பழமாக இருந்தால்தான் போத்தலில் அந்த மண்ணின் பெயரைப் போடலாம். கோட்டுக்கு வெளியே விளைந்தால் என்ன ருசி இருந்தும் பெயரில்லை. இதை யூட் விளங்கப்படுத்தியபோது எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டோம். அண்ணை மட்டும் அந்தக் கோடு எதில் கீறியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, வரைபடத்தில்தான் இருக்கிறது என்றதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்குப் பிறகு ஒருநாள் கையில் வரைபடம் வைத்துக்கொண்டு இரண்டு வெள்ளைக்காரர்கள் ஒன்றும் பேசாமல் வரிசைகளுக்குள் நடந்து வந்தார்கள். அண்ணை கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் கொடிக்குப் பின்னால் குந்திவிட்டார். அவர்கள் மண் பார்க்க வந்தவர்கள். குடிவரவுக்காரர் என்று நினைத்தீரோ என்று அன்ரன் கேட்டதற்கு அவர் ஓம் என்று தலையாட்டினார். அந்த நேரம் அவருடைய சேட்டுப் பொக்கற்றிலேயே கனடாப் பாஸ்போட் இருந்தது. நாங்கள் மல்வேர்ன் வந்து சேரும்வரைக்கும் சிரித்தோம்.

ஆனால் முதல் நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். பழம் பழுத்ததும் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அதைக் கலைக்கத் தோட்டத்துக்குள் காஸில் வெடிக்கிற குழாய்கள் வைத்திருப்பார்கள். எங்களுக்கு ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நான் முதல் குலையை வெட்டிக் கூடையில் போட்ட நேரம் டமார் என்று பக்கத்து வரிசையில் வெடித்தது. வானில் வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தோம். அன்ரன் என்மேல் விழுந்து என் தலையை அமத்திப் பிடித்துக்கொண்டார். வாய்க்குள் மண். பக்கத்து வரிசையில் வேலை செய்த மெக்சிக்கோக்காரர்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள்.

தலையை நிமிர்த்திப் பார்த்தால் அண்ணை மட்டும் நின்ற இடத்தில் நின்று பழம் வெட்டிக்கொண்டிருக்கிறார். மல்வேர்னிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. எனக்குக் கோபம்கூட வந்தது. உங்களுக்குப் பயமில்லையோ என்று கேட்டேன்.

"சத்தம் போடுறது சொல்லிப்போட்டெல்லோ வருது, பிள்ளை. சொல்லாமல் வாறதுக்குத்தான் பயப்பிட வேணும்" என்றார்.

தோட்டத்து நடுவில் ஒரு பெரிய கொட்டில். அதற்குள்தான் வைன் வடிப்பார்கள். வாசலில் எப்போதும் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். குரைத்ததே கிடையாது. அண்ணை அதைச் சுற்றிக்கொண்டு பின்கதவால் போவார். உள்ளே இரண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளிபோல் மினுங்குகிற தாங்கிகள். சிவப்புப் பழத்தைத் தோலோடு அதற்குள் போட்டுப் புளிக்க விடுவார்கள். புளித்து முடிந்ததும் சாற்றை வடித்துவிட்டால் அடியில் சக்கை நிற்கும். தாங்கியின் அடியில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவில் ஒரு சின்னக் கதவு. அதற்குள்ளால் யாராவது போய்ச் சக்கை அள்ளுகிற சவளால் அதை வெளியே தள்ள வேண்டும். வெளியே ஐப்பசிக் குளிரில் விரல் விறைக்க நிற்பதைவிட அது நல்ல வேலை என்று அன்ரன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை. புளிக்கிற பழத்திலிருந்து ஒரு காற்று வரும், அது பாரமானது, மணமில்லாதது, தாங்கிக்குள் தண்ணீர்போல நிறைந்து நிற்கும் என்று வேலையிடத்தில் எங்கள் எல்லோருக்கும் சொல்லித்தான் இருந்தார்கள். ஒரு பெரிய ஃபானை வைத்து அதை வெளியேற்றி, ஒரு மெசினை உள்ளே விட்டு அளந்து பார்த்த பிறகுதான் ஆளை இறக்குவார்கள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அண்ணைக்கு அந்த ஒழுங்கு காணாது. எங்கேயோ தேடி ஒரு கயிறு கொண்டுவந்தார். அன்ரனின் கமக்கட்டுக்குக் கீழே அதைச் சுற்றிக்கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கதவடியில் குந்தியிருப்பார். வேலையை விட்டுவிட்டுக் கயிறு பிடிக்கிறாய் என்று மேற்பார்வைக்காரர் ஏசினால் எழும்பிப் போவார், அந்த ஆள் அங்காலே திரும்பியதும் வந்து குந்துவார்.

ஏன் இந்தக் கயிறு என்று ஒருநாள் மத்தியானம் வானுக்குள் சாப்பிடும்போது கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் சோற்றைப் பிசைந்தபடி, பேப்பரில் வந்த செய்தியை வாசிக்கிற குரலில் சொன்னார். ஊரில் ஒரு வரட்சிக்கு நீர் வற்றிப்போனதால் இறைக்கிற மெசினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். மெசின் நின்றுபோய்விட்டது, அதன் நச்சுப்புகை உள்ளேயே நின்றது. தகப்பன் என்னவென்று பார்க்க இறங்கினார், ஏறவில்லை. தமையனும் தகப்பனை எடுக்க இறங்கினார், ஏறவில்லை.

"நான் மூண்டாவது. ஒரு காலைக் கிணத்துக் கட்டுக்கு அங்காலை போட்டிட்டன். ஒரு சத்தமும் இல்லை, பிள்ளை. ரெண்டுபேர் கிடக்கினம், ஒரு முனகல்கூட இல்லை. காலை எடுத்திட்டன்."

செத்தவீட்டிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள், தமையன் சாகப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்று. அந்தப் பட்டம்தான் கப்பலேறி வந்தது. நான் மிச்சச் சோற்றை வெளியே கொட்டினேன். அன்று வீட்டுக்கு வந்து, தாங்கி வேலை வேண்டாம் என்று அன்ரனிடம் மன்றாடினேன். பயம் தொத்து வியாதி, அந்த மனுசனிடமிருந்து உனக்குத் தொத்திவிட்டது என்று அன்ரன் சொன்னார். உண்மைதான், தொத்திவிட்டது. அதற்குப் பிறகு கொட்டிலுக்குள் போகும்போதெல்லாம் கயிறு கட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்த நாள் வந்தது. பழம் முடிகிற காலம், எல்லோருக்கும் அவசரம். காலையில் ஃபான் போட்டு, அளந்து, எல்லாம் சரி என்று மேற்பார்வைக்காரர் சொல்லிவிட்டார். பிறகு சாப்பாட்டு நேரம் வந்தது. அந்த இடைவெளியில் பம்ப் ஒன்றுக்குப் பிளக் தேவைப்பட்டு யாரோ ஃபானைக் கழற்றிவிட்டார்கள். சக்கை தன்பாட்டுக்குப் புளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காலையில் அளந்தது பின்னேரத்துக்கும் பொருந்தும் என்று எல்லோரும் நினைத்தோம். அண்ணை மட்டும் கதவுக்குக் குறுக்கே குந்திவிட்டார். கயிறு கட்டாமல் விடமாட்டேன் என்றார். நான் என்ன கடாவா கட்டி வைக்க என்று அன்ரன் பகிடி விட்டார். மேற்பார்வைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். கட்டித் துலையுங்கோ, வேலை முடியட்டும் என்று யூட் சொன்ன பிறகுதான் அன்ரன் கையைத் தூக்கினார்.

நான் கொஞ்சம் தள்ளி நின்று கூடைகள் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே சவள் இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர்ச் சத்தம், பம்பின் சத்தம், ஆட்களின் கதை, இவ்வளவுக்கும் நடுவில் அது நின்றது அண்ணை ஒருவருக்குத்தான் கேட்டது.

"யூட், இழு" என்று அவர் வைத்த சத்தத்தில் கொட்டிலே உறைந்தது.

யூட்டும் இன்னொருவரும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அன்ரனின் ஒரு கை கதவுக்கு வெளியே வந்தது. சக்கையில் ஊறி முழங்கைவரை கத்தரிப்பூ நிறம். அதோடு நின்றுவிட்டது. தோள் கதவு விளிம்பில் மாட்டிவிட்டது, முகம் உள்ளே. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. தலையை உள்ளே விட்டு அந்தத் தோளை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டால் போதும், ஆள் வந்துவிடும். அது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நான் பாய்ந்தேன். என் தலை கதவுக்குள் போவதற்கு ஒரு சாண் இருக்கும்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் என்னைக் கட்டிப் பிடித்தன.

மெலிந்த மனுசன். அந்தப் பிடி எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. உதைத்தேன், திமிறினேன். உயிர்ப்பயத்தில் ஊரில் தமையனை விட்டவர்தானே, இப்போது என்ரை மனுசனையும் விடுகிறீரோ என்று கத்தினேன். சொல்லக்கூடாத சொல், தெரிந்துதான் சொன்னேன். அப்போதும் பிடி தளரவில்லை. என் வாய்க்கு நேரே அவருடைய கை இருந்தது. பெருவிரலுக்குக் கீழே சதையில் கடித்தேன். பல் உள்ளே இறங்கியது. வாயில் இரத்தம் உப்பாக வந்தது. அவருடைய உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, அந்த நடுக்கம் என் முதுகில் தெரிந்தது. ஆனால் அவர் விடவில்லை.

"எனக்குப் பயம்தான், பிள்ளை. உனக்கும் சேர்த்து நான் பயப்பிடுறன். நீ போகாதை" என்று என் காதுக்குள் சொன்னார்.

பிறகு யூட்டைப் பார்த்துக் கயிற்றைத் தளர்த்தச் சொன்னார். தளர்த்துவதா என்று யூட் விழித்தார். தளர்த்து என்று மறுபடி கத்தினார். கயிறு தளர்ந்ததும் வெளியே தெரிந்த அந்தக் கையும் மெல்ல உள்ளே போய்விட்டது. என் வாழ்நாளில் நான் பட்ட பயமெல்லாம் ஒரு பக்கம், அந்தக் கை மறைந்த நேரம் ஒரு பக்கம். இப்ப சரிச்சு இழு என்றார். இழுத்தார்கள். தோள் திரும்பி, தலை வந்து, அன்ரன் முழுவதுமாகச் சக்கையோடு சக்கையாகச் சீமெந்தில் வந்து விழுந்தார். உதடு நீலம். யாரோ ஃபானைப் போட்டார்கள், மேற்பார்வைக்காரர் மூச்சுக் கொடுக்கிற முகமூடியோடு ஓடிவந்தார். அப்போதுதான் அண்ணை என்னை விட்டார்.

அன்ரன் இருமினார். அந்த இருமல் மாதிரி ஒரு சத்தத்தை நான் இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணை கதவடியில் அதே இடத்தில் குந்தியிருந்து, சேட்டின் நுனியால் கையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்ரன் மூன்றாம் நாளே எழும்பி நடமாடத் தொடங்கிவிட்டார். நாங்கள் அந்த வானில் பிறகு ஏறவில்லை. அண்ணை ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழத்தோடு வந்தபோது கையில் கட்டு இருந்தது. நான் வாயைத் திறக்க முதலே ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை என்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அடுத்த கோடைக்குள் அவரும் தேவி அக்காவும் மகனோடு எட்மன்ரனுக்குப் போய்விட்டார்கள். ஒரு நன்றியோ மன்னிப்போ நான் சொல்லி முடிக்கவில்லை. அவர் சொல்ல விடவுமில்லை.

இப்போது நாங்கள் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறோம். வீட்டின் ஒவ்வொரு மாடித் தட்டிலும் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. மாதத்தில் ஒருதரம் அன்ரனே ஏறி நின்று பொத்தானை அமத்திக் கத்தவிட்டுப் பார்ப்பார். அன்ரன் குறட்டை விட்டால் எனக்கு நித்திரை வரும். குறட்டை நின்றால் எழும்பி மூக்கடியில் கை வைத்துப் பார்ப்பேன். பூசையில் சுவாமியார் முந்திரிகை இரசக் கிண்ணத்தைத் தூக்குகிற நேரம் எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக இருப்பார்கள் அல்லவா, அந்த மௌனத்தில் நான் இன்னும் யாராவது இருமுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் எங்கள் மகளின் முதல் நற்கருணைக் கொண்டாட்டத்துக்கு அண்ணையும் தேவி அக்காவும் வந்தார்கள். யாருடைய கலியாணத்துக்கோ எட்மன்ரனிலிருந்து வந்தவர்கள், கேள்விப்பட்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். அண்ணைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் பரிசுப் பேப்பர் சுற்றிய பெட்டி. அதைப் பிரிக்காமலே அன்ரன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

கேக் தட்டை நீட்டிய மகள் அவருடைய கையைப் பார்த்துவிட்டாள். பெருவிரலுக்குக் கீழே அரைவட்டமாக ஒரு தழும்பு. அங்கிளுக்கு என்ன நடந்தது என்று இங்கிலிஷில் கேட்டாள்.

தேவி அக்கா முந்திக்கொண்டார். "நாய் கடிச்சது, குஞ்சு. உன்ரை அப்பாவை இழுத்த அண்டைக்கு, அந்தத் தோட்டத்து நாய். குரைக்காமல் வந்து கடிச்சதாம். பொலிசுக்குச் சொல்லுவம் எண்டு நான் நிண்டன். இவர் விட்டாத்தானே."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் எதையாவது உளறிவிடுவேனோ என்ற பயம் அந்தக் கண்ணில் அப்படியே தெரிந்தது.

பிறகு அந்த நாயை என்ன செய்தார்கள் என்று மகள் அவரிடமே கேட்டாள்.

"ஒண்டும் செய்யேல்லை, குஞ்சு" என்றார் அவர். "பாவம், அது பயத்திலை கடிச்சது."